உஷார்! ‘நான் இப்படித்தான்’ என்று உங்கள் பிள்ளையும் சொல்கிறானா?

கையில் இருக்கிற போனை ஒரு நிமிஷம் கீழே வையுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை இந்நேரம் யாருக்கோ கமெண்ட் போட்டுக்கொண்டிருப்பான். என்ன எழுதுகிறான் என்று தெரியுமா? போகட்டும். நேற்று ராத்திரி நீங்கள் என்ன எழுதினீர்கள்?

2024 ஏப்ரல் கடைசியில் வந்த அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடி வீடு. கைக்குழந்தை ஒன்று மேலிருந்து தவறி விழுந்து கூரைத் தகட்டின் விளிம்பில் கிடக்கிறது. கீழே அக்கம்பக்கத்தார் போர்வையை விரித்துப் பிடிக்கிறார்கள். ஒருவர் ஜன்னல் வழியே ஏறி, கையை எட்டிப் பிள்ளையை எடுத்துவிடுகிறார்.

குழந்தை பிழைத்தது. அம்மா பிழைக்கவில்லை.

‘இவளெல்லாம் ஒரு தாயா?’ முகம் தெரியாத ஆயிரம் பேர் கேட்டார்கள். அந்தப் பெண் மனம் உடைந்து கோவைப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனார். மே மாதம் உயிரை விட்டார். ஒரு சாவுக்கு இது ஒன்றுதான் காரணம் என்று வெளியில் இருக்கிற யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று வாரமும் அவர் மேல் கல்லாக விழுந்தது நம்முடைய சொல்தான்.

அதில் ஒரு கல் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து போனது. எங்கள் தெருவிலிருந்து.

எறிந்தவன் இருபது வயசுப் பையன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. செய்தி வந்த அன்று சோறு இறங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா தலையைத் தடவி, “நீ மனசுல பட்டதைச் சொல்ற பிள்ளை. உன் சுபாவம் அது. அதுக்காக உன்னை நீயே வெறுத்துக்காதே கண்ணு” என்றாள். பக்கத்தில் நானும் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பெற்ற வயிறு, ஆறுதல் சொல்லத்தான் செய்யும். ஆனால் ஆபத்து அங்கேதான் நுழைந்தது.

ஒரு மாசம்கூட ஆகவில்லை. எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் பேச்சு. விருத்தாசலத்துக்குக் காலேஜ் பஸ் ஏறுகிற பக்கத்துத் தெருப் பெண் நியாயமாக நாலு வரி எழுதினாள். இவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவள் ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று எழுதினான். பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நாலு நாள் அவள் பஸ்ஸுக்கு வரவில்லை. கேட்டால், “நான் இப்படித்தான் அத்தே. என்னை நான் மாத்திக்க முடியாது” என்கிறான்.

பதறிப்போனேன்.

தன்னை ஏற்றுக்கொள்வது தப்பே இல்லை. நிறம், உயரம், திக்குகிற நாக்கு, ஏறாத கணக்கு, எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளட்டும். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பதையும் ஏற்றுக்கொள்ளட்டும். அதெல்லாம் அவனோடு நிற்கிற விஷயம். கோபத்தில் எழுதி அனுப்பியது இன்னொருத்தி வீட்டுக்குள் போய்விட்டது. அதற்கு அவன்தான் பொறுப்பு.

இந்தப் பேச்சுகள் வீட்டில் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

‘மனசுல பட்டதைப் பேசுறவன் நான்.’ அப்படியா? தாசில்தார் ஆபீஸ் ஜன்னலில் பேசுவானா? சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் கண்டக்டரிடம் பேசுவானா? அங்கே அடங்குகிற நாக்கு ஒரு பெண்ணிடம் மட்டும் அவிழ்கிறதென்றால் அது சுபாவம் இல்லை. ஆள் பார்த்து அடிக்கிற பழக்கம்.

‘யாராவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.’ என்ன செய்தோம் என்பதே அதில் இல்லை.

‘எனக்கே மனசு சரியில்லை.’ உண்மையாக இருக்கலாம். உடனே கவனியுங்கள். ஆனால் அவன் காயம் அடுத்தவருக்குப் போட்ட காயத்தை ஆற்றாது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் கவனிப்பதே இல்லை. ‘நான் கெட்டவன், நான் செத்துப்போகணும்’ என்று அழுவது. அந்த அழுகையை அலட்சியம் செய்யாதீர்கள், கூடவே இருங்கள். ஆனால் அடிபட்டவளைக் கூப்பிட்டு அவனைத் தேற்ற வைக்காதீர்கள்.

எழுதியதை அழித்துவிட்டால் போயிற்று என்று நினைக்கிறீர்களா? போகாது!

நடிகர் எஸ்.வி.சேகர் 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றைப் பகிர்ந்தார். பிறகு நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்காமல் அனுப்பிவிட்டார் என்று உச்ச நீதிமன்றத்தில் அவர் தரப்பில் சொல்லிப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வெறும் ஃபார்வர்டுக்கே இந்தப் பாடு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-லேயே நீக்கிவிட்டார்களே என்று தைரியமாக இருக்காதீர்கள். பெண்ணை இழிவுபடுத்தினால், மிரட்டினால், அவதூறு பேசினால் வேறு பிரிவுகள் இருக்கின்றன.

நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். மாசி மகத்துக்கு நம் ஊர் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடலுக்குப் போகும்போது அங்கே தர்கா முன்னால் இஸ்லாமியர்கள் மரியாதை செய்து வரவேற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த உறவு அது. வெளியூரில் எவனோ எழுதிய மத வசவைக் குரூப்பில் தட்டிவிட்டு ‘என் கருத்து, என் உரிமை’ என்று உட்காராதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

அந்தப் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க, பையனை நான்தான் அழைத்துப்போனேன். முதலில் அதே தெரு குரூப்பில், தன் பெயரிலேயே எழுத வைத்தேன்: ‘தெருவிளக்கைப் பற்றி அவள் சொன்னது சரி. அவள் நடத்தையைப் பற்றி நான் எழுதியது பொய். சிரித்தவர்களும் யோசியுங்கள்.’ பிறகு அவள் வீடு. அவள் அப்பா வாசலில் குறுக்கே நின்றார். அவள் குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது, “அவ ஒண்ணுமே சொல்லலியே அத்தே” என்றான்.

“சொல்லணும்னு கட்டாயம் இல்ல தம்பி” என்றேன்.

உயிரை விட்ட அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க அவனுக்கு வழியே இல்லை. அதை அவன் சுமக்கத்தான் வேண்டும். நான் இறக்கிவைக்கப் போவதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி வசவு வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறார்களா? சாப்பாடு குறைந்திருக்கிறதா? போன் சத்தம் கேட்டாலே திடுக்கிடுகிறார்களா? இன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள். தனியாக விடாதீர்கள். மனம் விட்டுப் பேச 14416, நம் மாநிலத்தில் 104. எந்நேரமும் கூப்பிடலாம். இணையக் குற்றப் புகாருக்கு உதவி எண் 1930. புகார் கொடுக்கும்வரை அந்த மெசேஜை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள். மூன்று எண்ணையும் இப்போதே போனில் பதியுங்கள்.