பாலை நகருக்குக் குடிபெயரலாமா? முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்குகள்

தமிழ் இலக்கியத்தில் பாலைத் திணைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. பொருள் தேடப் புறப்படும் தலைவன் வீட்டையும் மனைவியையும் விட்டு வெப்பம் மிகுந்த வழியில் செல்வதே அத்திணைப் பாடல்கள் பலவற்றின் கதை. பள்ளியில் படித்தபோது அதை வெறும் கற்பனையாகவே எண்ணினேன். 2018 ஆம் ஆண்டில் ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்தபோதுதான், அது ஒவ்வொரு தலைமுறையும் தீர்க்க வேண்டிய குடும்பக் கணக்கு என்பது விளங்கியது.

இன்று பாலை நகரங்களுக்குச் செல்வோர் குறைவல்லர். ராணுவம், விமானப்படை, ரயில்வே, வங்கி ஆகிய பணிகளில் இருப்போர் முன்பிருந்தே சென்று வருகின்றனர். ஜோத்பூரில் 2008 இல் ஐ.ஐ.டி.யும், 2012 இல் எய்ம்ஸ் மருத்துவமனையும் தொடங்கிய பின் ஆசிரியர்களும் மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்துகொண்டனர். பலோதி அருகே உள்ள பட்லா சூரிய மின் பூங்கா போன்ற பெருந்திட்டங்கள் பொறியாளர்களை அழைத்துச் செல்கின்றன. கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் சிலர், “நீங்கள் அங்கே இருந்தவர்தானே, போகலாமா?” என்று கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லும் விடையையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வெயிலின் கணக்கு

ஜோத்பூரில் மே மாதத்தின் சராசரி உச்ச வெப்பம் 41 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும். சில நாட்களில் 45 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. அதன் அண்டையில் உள்ள பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவாயிற்று. இந்த எண்களைப் படித்தவுடன் பலர் முடிவு செய்துவிடுகின்றனர். ஆனால், எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வது, வட்டி விகிதத்தை மட்டும் பார்த்துக் கடன் வாங்குவது போன்றதாகும்.

உடல் தன் வெப்பத்தை வியர்வை ஆவியாவதன் மூலமே பெரிதும் இழக்கிறது. காற்றில் ஈரப்பதம் குறைந்திருந்தால் வியர்வை விரைந்து ஆவியாகும். 42 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இடத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது நனைந்த துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, ஏறத்தாழ 24 டிகிரிதான். 37 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடற்கரை நகரில் அதுவே 30 டிகிரியைத் தொடும். கடற்கரையில் வாழ்ந்து பழகியவர்கள் பாலை நகரின் நிழலில் நிற்கும்போது, “அவ்வளவு மோசமில்லையே” என்று வியப்பதற்குக் காரணம் இதுவே.

ஆறுதல் தரும் அந்த உணர்விலேயே ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. வியர்வை தோன்றியவுடன் உலர்ந்துவிடுவதால் சட்டை நனைவதில்லை. நீர் இழக்கிறோம் என்பதே தெரிவதில்லை. ‘லூ’ என்று அங்கே அழைக்கப்படும் நண்பகல் அனல்காற்று உடலை விடச் சூடானது. காற்றின் வெப்பம் 40 டிகிரியைக் கடந்துவிட்டால் மின்விசிறி உடலைக் குளிர்விப்பதற்கு மாறாகச் சூடேற்றக் கூடும்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. என் முதல் கோடையில், மே மாதத் தொடக்கத்தில் என் தந்தையார் எங்களுடன் தங்க வந்தார். அப்போது அவருக்கு வயது 74. இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். “இங்கே வியர்க்கவே இல்லையப்பா, நம்மூரை விட நன்றாக இருக்கிறது” என்றார். தாகம் எடுக்காததால் தண்ணீரும் குறைவாகவே குடித்தார். நான்காம் நாள் மாலையில் எழுந்து நிற்க முடியாமல் தடுமாறினார், பேச்சும் குழறியது. மருத்துவமனையில் சேர்த்து இரண்டு நாட்கள் நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டியதாயிற்று. உடலில் நீரும் உப்பும் குறைந்துவிட்டன என்றும், புறப்படும் முன்பே மாத்திரையின் அளவு குறித்து மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ரயில் கட்டணம் அனைத்தையும் தாளில் எழுதிக் கணக்கிட்ட எனக்கு, அந்த ஒரு மாத்திரை நினைவில் வரவில்லை.

எனவே முதற்கணக்கு குடும்பத்தினரின் உடல்நிலை பற்றியதாகவே இருக்கட்டும். முதியோர், கைக்குழந்தைகள், கருவுற்ற பெண்கள், சிறுநீரகம் அல்லது இதய நோய் உள்ளோர் எவரேனும் உடன் வருவதாயின், மருத்துவரின் கருத்தைக் கேட்ட பின்னரே புறப்படும் மாதத்தை முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீரின் கணக்கு

ஜோத்பூரின் ஆண்டு மழையளவு சுமார் 35 முதல் 40 சென்டிமீட்டர்; சென்னைக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கை விடக் குறைவு எனலாம். அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்துவிடும். ஆகவே நகரின் குடிநீர் வெகு தொலைவிலிருந்து வருகிறது. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே அணையில் தொடங்கும் இந்திரா காந்தி கால்வாயிலிருந்து, ராஜீவ் காந்தி ஏற்றுநீர்க் கால்வாய் சுமார் 200 கிலோமீட்டர் தூரம் நீரை மேலேற்றிக் கொண்டுவருகிறது. கயலானா, தக்த் சாகர் ஆகிய நீர்நிலைகளில் அது சேமிக்கப்படுகிறது.

இக்கால்வாயைப் பழுதுபார்ப்பதற்காக ஆண்டுதோறும் கோடையையொட்டிச் சில வாரங்கள் மூடுவது வழக்கம். மக்கள் அதை ‘நஹர்பந்தி’ என்பர். அந்நாட்களில் சேமிப்பு நீரைக் கொண்டே நகரம் வாழ்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் நீர் வரும். தேவை மிகும் காலத்திலேயே வரவு குறைகிறது என்பதை வீடு பார்க்கும்போது நினைவிற்கொள்ள வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி நிலத்தடித் தொட்டியின் கொள்ளளவு என்ன என்பதே. அங்குள்ள பழைய வீடுகளில் ‘டாங்கா’ எனப்படும் மழைநீர்த் தொட்டி இருப்பதைக் காணலாம். பல நூற்றாண்டுகளாக அவ்வூர் மக்கள் குளமும் படிக்கிணறும் தொட்டியும் அமைத்துத் துளித்துளியாகச் சேமித்தே வாழ்ந்திருக்கின்றனர். சேமிப்பின் அருமையை வங்கி அதிகாரியான எனக்கு அந்நகரம்தான் முழுமையாகக் கற்றுத் தந்தது.

வீடும் மின்கட்டணமும்

மேல்மாடி வீடு வாடகை குறைவாகக் கிடைத்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். பகல் முழுதும் சூடேறிய கூரை இரவெல்லாம் அவ்வெப்பத்தை அறைக்குள் இறக்கும். மேலே மற்றொரு தளம் உள்ள வீடும், மேற்குச் சுவரில் பெரிய சன்னல்கள் இல்லாத வீடும், தடித்த கற்சுவர் கொண்ட வீடும் மின்கட்டணத்தில் மிச்சம் தருபவை. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருந்தால் இன்னும் நன்று.

உலர்ந்த வெப்பத்திற்கு ஏர்கூலர் மிகப் பொருத்தமானது. வெளிக்காற்றை நனைந்த தட்டியின் வழியே இழுத்து, நீர் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியை அறைக்குள் அனுப்புவதே அதன் இயக்கம். சன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால்தான் அது சரியாக வேலை செய்யும். பெரிய ஏர்கூலர் மணிக்கு ஏறத்தாழ 0.2 யூனிட் மின்சாரம் கொள்ளும்; 1.5 டன் ஏ.சி. முழு வேகத்தில் ஏறத்தாழ 1.5 யூனிட் கொள்ளும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வீதம் முப்பது நாட்களுக்கு முன்னது 48 யூனிட். பின்னது 360 யூனிட். ஆனால், ஏர்கூலர் மணிக்குச் சில லிட்டர் நீரையும் குடிக்கும். மழைக்காலத்தில் ஈரப்பதம் கூடியதும் அதன் பயன் குறைந்துவிடும். ஆகவே கூடத்திற்கு ஓர் ஏர்கூலரும், முதியோரும் குழந்தைகளும் உறங்கும் அறைக்கு ஒரு ஏ.சி.யும் என்பதே நாங்கள் கண்ட நடைமுறைத் தீர்வு.

குளிர்காலத்தையும் மறந்துவிடலாகாது. சனவரியில் இரவு வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். கம்பளி, ரஜாய், வெந்நீர்க் கருவி ஆகியவற்றுக்கும் முதலாண்டில் செலவு உண்டு.

ஊதியத்தின் கணக்கு

கூடுதல் ஊதியம் என்ற சொல்லில் மயங்கிவிடாமல், கைக்கு வருவதைக் கணக்கிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சென்னையில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியர் ஒருவரின் அடிப்படை ஊதியம் ரூ.60,000 எனக் கொள்வோம். ஏழாவது ஊதியக் குழு விதிகளின்படி அவருக்கு வீட்டு வாடகைப்படி 30 விழுக்காடு, அதாவது ரூ.18,000. பதவி உயர்வுடன் ஜோத்பூர் சென்று அடிப்படை ஊதியம் ரூ.64,000 ஆகிறது. அந்நகரம் இரண்டாம் வகுப்பில் வருவதால் வாடகைப்படி 20 விழுக்காடு, அதாவது ரூ.12,800. அகவிலைப்படி 50 விழுக்காடு எனக் கொண்டால் ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் ரூ.6,000 கூடும், வாடகைப்படியில் ரூ.5,200 குறையும். மாத வருமானத்தில் மிகுவது ரூ.800 மட்டுமே.

வாடகை அங்கே குறைவாக இருக்கலாம். அந்த மிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கோடை மின்கட்டணம், சொந்த ஊர்ப் பயணங்கள், முதலாண்டுப் பொருட்செலவு ஆகியவற்றைக் கழியுங்கள். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் புறநகரான பகத் கீ கோட்டிக்கு வாராந்தர ரயில் உண்டு. எனினும் பயணம் இரண்டு இரவுகளை விழுங்கும். வீட்டில் ஓர் அவசரம் என்றால் விமானந்தான். நால்வர் கொண்ட குடும்பம் திடீரெனப் புறப்படுவதற்கான தொகையை ஒரு தனிச் சேமிப்பில் வைத்திருப்பது இன்றியமையாதது.

குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டுவிட்டுத் தனியே செல்வோர் இரு வீட்டுச் செலவைத் தாங்க வேண்டும். பிள்ளைகள் பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தால் பலர் இவ்வழியையே தேர்கின்றனர். அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் எத்தனை ஆண்டுகளுக்கு என்ற எல்லையைத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

புறப்படும் முன் வங்கியில்

பெரும்பாலான வங்கிகளில் சேமிப்புக் கணக்கை அதே கணக்கு எண்ணுடன் புதிய கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறும். அதை ஊதியம் வழங்கும் அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். பொது வருங்கால வைப்புநிதிக் கணக்கையும் மாற்ற இயலும். பாதுகாப்புப் பெட்டகத்தை அவ்வாறு மாற்ற முடியாது. ஒப்படைத்துவிட்டுப் புதிய ஊரில் வேறொன்று பெற வேண்டும். முன்கூட்டியே செலுத்திய வாடகையில் எஞ்சிய காலத்திற்குரிய பகுதி திருப்பித் தரப்படும். கைப்பேசி எண் மாறினால் அன்றே வங்கியில் பதிவு செய்யுங்கள்.

மருத்துவக் காப்பீட்டின் வலைப்பட்டியலில் புதிய ஊர் மருத்துவமனைகள் உள்ளனவா என்று பாருங்கள். வாகனத்தை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு தேவை. அடிக்கடி மாற்றலாகும் தகுதியுள்ள பணியாளர்கள் புது வாகனம் வாங்கும்போது பி.எச். வரிசைப் பதிவைக் கருதலாம். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டால் அவ்வருமானம் வரிக்கு உட்பட்டது. நகராட்சி வரி போக எஞ்சியதில் 30 விழுக்காடு கழிவு உண்டு.

மே மாதத்தில் ஒருமுறை

புதிய நகரைப் பார்க்க எல்லோரும் நவம்பரில் செல்கின்றனர். அப்போது மெஹ்ரான்கர் கோட்டையின் மேலிருந்து நீல வீடுகளைக் கண்டு மயங்காதவர் இல்லை. குடியேற எண்ணுவோர் மே மாதத்தில் ஒரு வாரம் சென்று தங்க வேண்டும். நண்பகல் வெயில் தணிந்த பின் கடைத்தெரு எப்போது உயிர்பெறுகிறது, குழாயில் எப்போது நீர் வருகிறது, புழுதிக்காற்று வீசிய மறுநாள் வீடு எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் அந்த ஒரு வாரம் சொல்லிவிடும். அதன் பிறகும் குடும்பத்தினர் அனைவரும் ‘போகலாம்’ என்றால் தயங்க வேண்டியதில்லை. பணியில் சேரும் நாளைத் தேர்ந்தெடுக்க இயலுமானால் அக்டோபரைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த கோடைக்குள் உடல் ஊருடன் பழகிவிடும்.

நான் அங்கே மூன்று ஆண்டுகள் இருந்தேன், வருந்தவில்லை. காலையில் மோரும் கம்பு ரொட்டியும், விருந்தினருக்கு முதலில் தண்ணீர்க் குவளையை நீட்டும் பண்பும் எங்கள் வீட்டுப் பழக்கங்களாகிவிட்டன. என் தந்தையார் அடுத்தடுத்த ஆண்டுகளில் நவம்பரில் வந்து பிப்ரவரியில் திரும்பினார். ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அவரே மருத்துவரிடம் சென்று வந்தார். நான் போடத் தவறிய கணக்கை அவர் மறக்கவில்லை.