பிளஸ் ஒன் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019இல் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வின்படி, 11 முதல் 17 வயது மாணவர்களில் உலகளவில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. விளையாட்டின் அருமை பெற்றோருக்குத் தெரியாமல் இல்லை. பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் போக அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் சிக்கல். கராத்தே வகுப்பும் நீச்சலும் தனி நேரம் கேட்கின்றன, மாதக் கட்டணமும் கேட்கின்றன. பள்ளிக்குப் போகும் சைக்கிளோ, வேனில் உட்கார்ந்தே கழியும் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை தெருவில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுச் சுவரில் சாத்திவைக்கும் வண்டியால் பெரிய பயன் இல்லை. தினசரி ஓட்டம்தான் கணக்கில் சேரும்.

இதற்கு வலுவான சான்று டென்மார்க்கின் ஓடென்ஸ நகரிலிருந்து வருகிறது. அங்கே நடந்த ஓர் ஆய்வில், பள்ளிக்குச் சைக்கிளில் வந்த பிள்ளைகளின் இதய, நுரையீரல் திறன், வாகனத்தில் வந்தவர்களைவிட மட்டுமல்ல, நடந்து வந்தவர்களைவிடவும் கூடுதலாக இருந்தது. திடமான பிள்ளைதானே சைக்கிளை எடுக்கும், இதில் எது காரணம், எது விளைவு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் 9 வயதில் சோதித்த பிள்ளைகளையே 15 வயதிலும் சோதித்தார்கள். முதலில் ஓட்டாமல் இருந்து இடையில் சைக்கிளுக்கு மாறியவர்கள், மாறாதவர்களைவிடத் திறனில் முந்தியிருந்தார்கள். அவர்களது கொழுப்பு, சர்க்கரை அளவீடுகளும் மேலாக இருந்தன. 2012இல் வெளியான ஒரு சிறு ஆய்வு இன்னும் கறாரானது. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு குழுவை மட்டும் எட்டு வாரம் சைக்கிளில் அனுப்பினார்கள். இதய, நுரையீரல் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இதயநோய், நீரிழிவு அபாயங்களைச் சேர்த்துக் கணக்கிடும் அளவீடு இறங்கியது.

காரணம் தொடையில் இருக்கிறது. உடலின் மிகப் பெரிய தசைகள் சில அங்கேதான் உள்ளன. அவை சுருங்கி விரியும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. உடலின் எடையை இருக்கை தாங்குவதால், பருமனான பிள்ளையும் முட்டி வலிக்காமல் நெடுநேரம் மிதிக்க முடியும். இந்த வசதியே ஒரு குறையும்கூட. எடை தாங்கி அதிர்ந்தால்தான் எலும்பு உறுதிப்படும். சைக்கிளில் அந்த அதிர்வு இல்லை. ஆகவே கபடியையும் கயிறு தாண்டுவதையும் சைக்கிள் ஈடுசெய்துவிடாது.

பிள்ளை தனித்து இயங்கும் திறனுக்கு வருவோம். மேயர் ஹில்மனும் சக ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வின்படி, இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனவர்கள் 1971இல் 80 விழுக்காடு. 1990இல் வெறும் 9. வழி அறிவது, ஆபத்தைக் கணிப்பது, தாமதமானால் சமாளிப்பது எல்லாம் தனியே போய்ப் பழகினால்தான் வரும். பின்சீட்டில் உட்கார்ந்து வருபவருக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

எல்லாம் சரி, நம் சாலையில் எப்படி அனுப்புவது? இந்த அச்சத்தை ஆய்வுகளைக் காட்டி ஒதுக்கிவிட முடியாது. தலைக்கவசம் தலைக்காயத்தைக் குறைக்கும், லாரியை நிறுத்தாது. புகையும் மெய்யான தொல்லைதான். பிரதான சாலையை விட்டு உள்தெருவுக்குள் போனால் ஓரளவு குறையும். நெதர்லாந்தின் சாலைகளும் ஒருகாலத்தில் இப்படி ஆபத்தாகத்தான் இருந்தன. 1971இல் அங்கே சாலை விபத்துகளில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பெற்றோர் தெருவில் இறங்கிய பிறகே தனிப் பாதைகளும் வேகக் கட்டுப்பாடும் பரவின. பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டிவைத்து அவர்கள் அந்த எண்ணிக்கையைக் குறைக்கவில்லை.

தமிழகத்தில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் விலையில்லா மிதிவண்டி பிளஸ் ஒன்னில் கைக்கு வருகிறது. படிப்பு நிற்கக் கூடாது என்பது அத்திட்டத்தின் நோக்கம். அந்த அளவில் குறை சொல்வதற்கில்லை. உடல்நலத்தையும் நோக்கமாகச் சேர்த்தால் அந்த வயது தாமதம். ஓடென்ஸ ஆய்வில் கணக்கே ஒன்பது வயதில் தொடங்குகிறது. ஆறாம் வகுப்பிலேயே தருவதென்றால் வண்டியும் மாற வேண்டும்: பெரியவர்களுக்கான சட்டத்தில் குரங்குப் பெடல் அடிக்கவிடாமல், கால் தரையில் ஊன்றும்படி 24 அங்குலச் சக்கரமும் உயரத்தை மாற்றக்கூடிய இருக்கையும் கொண்ட வண்டி வேண்டும். அதற்கு முன்பே, பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களிலாவது வாகன வேகத்தைக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும்.