காத்தாடிக்குப் பின்னால் வந்த சொல்

திரை கட்டிய ஊர்கள் – 9

போன வாரம் பூனா ஆவணக் காப்பகத்திலிருந்து ரயிலேறி வந்த 16 எம்.எம். படச் சுருள்களோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் ரயில் வேண்டாம், காற்றே போதும்.

எங்கள் மேலநீலிதநல்லூரில் ஆடி மாதம் துணி காயப்போடுவது ஒரு வித்தை. சேலைக்கு நாலு கிளிப் போதாது, முந்தியைக் கொடியோடு முடிச்சுப் போட வேண்டும். செங்கோட்டைக் கணவாயில் நுழைகிற காற்று தென்காசியிலும் குற்றாலத்திலும் சாரலைக் கொட்டிவிட்டு, எங்களிடம் வரும்போது வெறுங்கையோடு வரும். மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். எங்களுக்கு அதன் பொருள், வாய் நிறைய மண்.

அந்த வெறுங்காற்றுக்கு விலை பேச வந்தவர்களில் டென்மார்க்காரர்கள் முன்வரிசை. டேனிடா என்கிற அந்த அரசின் உதவி அமைப்பு பணம் தந்து, 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் எழுந்தன. எங்கள் பக்கத்தில் அதற்குக் காத்தாடி என்றுதான் பெயர். மைக்கான், வெஸ்டாஸ் என்ற டேனிஷ் பெயர்கள் நெல்லைச் சீமையில் டிராக்டர் கம்பெனிப் பெயர் மாதிரிப் புழங்க ஆரம்பித்தன. வெஸ்டாஸ் பிறந்த ஊர் லெம். ஜட்லாந்தின் மேற்குக் கரையில், ரிங்கோபிங் வட்டாரத்தில் ஒரு கொல்லுப்பட்டறையாகத் தொடங்கிய கம்பெனி அது.

அதே வட்டாரத்தில்தான் வெடர்சோ என்றொரு கிராமம். அங்கே பாதிரியாராக இருந்தவர் காய் முங்க். நாடகம் எழுதுவார்; நாஜிகளை எதிர்த்துப் பேசுவார். பேச்சுக்கு விலையாக 1944 ஜனவரியில் அவரைக் கொன்று போட்டார்கள். அவருடைய நாடகம் ஒன்றைப் படமாக்க அந்தக் கிராமத்துக்கே கேமராவோடு போனார் கார்ல் தியடோர் ட்ரேயர். படம் ‘ஓர்டெட்’. 1955-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. ஓர்டெட் என்றால் சொல். படம் முழுக்கப் புல் சாய்கிறது, கொடியில் துணி படபடக்கிறது. முதல் தடவை பார்த்தபோது, முடிச்சுப் போடாமல் விட்டிருக்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதை ஊரில் போட்டுக் காட்டினால் என்ன என்று ஒரு ஆடித்தபசுக்கு முந்தின வாரம் துணிந்தேன். கடன் வாங்கிய புரொஜெக்டர். வேட்டியைத் திரையாகக் கட்டினால் காற்று அதைப் பாய்மரமாக்கிவிட்டது. கடைசியில் அத்தை வீட்டுச் சுண்ணாம்புச் சுவர்தான் கைகொடுத்தது. பார்க்க வந்தவர்கள் நாலு பேர்: ரிட்டயர்டு டீச்சரான அத்தை, எங்கள் ஊர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியில் படிக்கிற இரண்டு பையன்கள், பக்கத்து வீட்டு மாமா. மாமா பத்தாவது நிமிஷம் தூங்கிப்போனார். குற்றம் சொல்வதற்கில்லை. 126 நிமிஷப் படத்தில் நூற்றுச் சொச்சம் ஷாட்டுகள்தான். இன்றைய டிரெய்லர் இரண்டே நிமிஷத்தில் அத்தனையையும் தீர்த்துவிடும்.

போர்கன் என்ற பண்ணை வீடு. பெரியவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நடுவுள்ளவன் யோஹன்னஸ் டேனிஷ் தத்துவஞானி கீர்க்கெகார்டைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்து, தானே கிறிஸ்து என்று மணல்மேட்டில் நின்று பிரசங்கம் செய்கிறவன். கடைக்குட்டி, ஊர்த் தையல்காரர் மகளை விரும்புகிறான். இரண்டு குடும்பமும் கிறிஸ்தவம்தான். ஆனால் ஒன்று பாடி மகிழ்ந்து கும்பிடுகிற பிரிவு; மற்றது எந்நேரமும் பாவத்தைக் கணக்குப் பார்க்கிற பிரிவு. சம்பந்தம் கூடாது என்று இரண்டு அப்பாக்களும் நிற்கிறார்கள்.

அத்தை கேட்டாள்: “ரெண்டு பேரும் கும்புடுதது ஒரே சாமியத்தானே மருமவனே? பெறவு எதுக்கு இந்த முறைப்பு?”

“சங்கனும் பதுமனும் எதுக்கு அடிச்சுக்கிட்டாங்க அத்தை?” என்றேன். சிரித்துவிட்டாள்.

சங்கரன்கோவில்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிவன் பெரியவனா, பெருமாள் பெரியவனா என்று இரண்டு நாகராஜாக்கள் மல்லுக்கு நின்ற வழக்கு. அம்மன் தவம் இருந்து, சுவாமி பாதி அரனாகவும் பாதி அரியாகவும் காட்சி தந்த பிறகுதான் அது தீர்ந்தது. கோமதியம்மன் ஒற்றைக்காலில் நின்று தீர்த்துவைத்த மாதிரியான வழக்கை, வெடர்சோவில் ஒரு பெண் செத்துத் தீர்த்துவைக்கிறாள். பண்ணை வீட்டு மருமகள் இங்கர் பிரசவத்தில் போய்விடுகிறாள். சவப்பெட்டியின் முன்னால் தையல்காரர் தன் மகளைக் கொண்டுவந்து கடைக்குட்டியிடம் ஒப்படைக்கிறார். அதற்கப்புறம்தான் அந்த இடம். புத்தி தெளிந்து திரும்பியிருக்கும் யோஹன்னஸ், இங்கரின் சின்ன மகள் பக்கத்தில் நிற்க, ஒரு சொல் கேட்கிறான். செத்தவளின் விரல்கள் அசைகின்றன.

இதை நம்புவதா வேண்டாமா என்று மேற்கே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அத்தைக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை. “மயிலாப்பூர்ல பூம்பாவை எழும்பி வரலையா?” அவள் கண் வேறெங்கோ இருந்தது. இங்கர் செத்ததும் நிறுத்தப்பட்ட சுவர்க் கடிகாரத்தைக் கடைக்குட்டி போய் மறுபடி ஓட விடுகிறான். “கடியாரத்த மறக்கல பாரு” என்றாள். கல்லூரிப் பையன்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. நானுமே இரண்டாம் தடவைதான் கவனித்திருந்தேன்.

இந்தப் படத்துச் சமையலறையைப் பற்றி ஒளிப்பதிவாளர் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. சட்டி, கரண்டி, பாட்டில் என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய அத்தனையையும் நிரப்பச் சொன்னார் ட்ரேயர். பிறகு ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாராம், இனி எடுத்தால் இது சமையலறை இல்லை என்கிற இடம் வரும்வரை. நாற்பது வருஷம் கழித்து, இந்த எடுத்துவிடுகிற காரியத்தையே சட்டமாக்கினார்கள் அவர் ஊர்ப் பிள்ளைகள். 1995 மார்ச்சில், பாரிஸின் ஓடியோன் அரங்கில் நடந்த சினிமா நூற்றாண்டுக் கூட்டத்தில், லார்ஸ் வான் டிரையர் சிவப்புத் துண்டுப் பிரசுரங்களை வீசிவிட்டுப் போனார். அவரும் தாமஸ் விண்டர்பெர்க்கும் எழுதிய ‘டாக்மா 95’ அது. கேமரா கையில்தான் இருக்க வேண்டும். தனி விளக்கு கூடாது. பின்னணி இசையைப் பிறகு ஒட்டக் கூடாது. கொலை, ஆயுதம் கூடாது. இயக்குநர் பெயரே வரக் கூடாது. மொத்தம் பத்து விதிகள். எங்கள் ஊர்க் கல்யாண வீடியோக்காரர்கள் இதில் பாதியை அதற்கு முன்பே கடைப்பிடித்தவர்கள். லைட் மட்டும்தான் கண்ணைக் குத்தும்.

அந்த விதிப்படி விண்டர்பெர்க் எடுத்த முதல் படம், 1998-இல் வந்த ‘ஃபெஸ்டன்’. ஒரு காட்சியில் ஜன்னலை மூடிவிட்டேன், விதியை மீறிவிட்டேன் என்று பிறகு பாவமன்னிப்பும் கேட்டுக்கொண்டார். சின்ன வீடியோ கேமராவில் அதை எடுத்த ஆண்டனி டாட் மேன்டில்தான் பத்து வருஷம் கழித்து மும்பைக்கு வந்து ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ எடுத்து ஆஸ்கர் கொண்டுபோனவர்.

ஃபெஸ்டன் என்றால் விருந்து. நம் கணக்கில் அறுபதாம் கல்யாணம். பெரிய மனிதர் ஒருவருக்கு அறுபது வயது நிறைகிறது. சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கிறது. மூத்த மகன் வாழ்த்துரைக்கு எழுகிறான். கையில் இரண்டு காகிதங்கள், பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று. எது வேண்டும் என்று அப்பாவையே கேட்கிறான். பச்சை என்கிறார். சின்ன வயதில் தன்னையும், இப்போது தற்கொலை செய்துகொண்டுவிட்ட தன் இரட்டைச் சகோதரியையும் அப்பா என்ன செய்தார் என்பதை, வாழ்த்துரையின் குரலிலேயே சொல்கிறான். அதன் பிறகு நடப்பதுதான் கொடூரம். ஒன்றும் நடப்பதில்லை. விருந்தினர்கள் தொடர்ந்து சாப்பிடுகிறார்கள். கிளம்பலாம் என்று பார்த்தால் கார் சாவிகளைக் காணோம். அடுப்படி ஆட்கள் ஒளித்துவைத்துவிட்டார்கள். உண்மையின் பக்கம் நிற்கும் முதல் கூட்டம் சமையல்கட்டிலிருந்து வருகிறது என்பதை நம் கிராமத்தில் யாருக்கும் தனியாக விளக்க வேண்டாம்.

வானொலியில் ஒருவர் சொன்ன அனுபவத்திலிருந்து பிறந்த கதை இது. அந்த அனுபவமே கட்டுக்கதை என்று பிற்பாடு தெரியவந்தது வேறு விஷயம்.

இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு டேனிஷ் கதை ஞாபகம் வரும். அதன் பெயரே ‘தமிழர் வழக்கு’. 1987-இல், இலங்கையிலிருந்து அகதியாகப் போன தமிழர்களின் மனைவி மக்கள் அங்கே வந்து சேரச் சட்டம் உரிமை தந்திருந்தது. நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். கம்பளத்துக்கு அடியில் எதையும் பெருக்கித் தள்ளவில்லை என்று பிரதமர் போல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்த ஒரு சொல் அவரைத் துரத்திக்கொண்டே வந்தது. 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வெளியானதும் பதவி விலகினார். 1995-இல் நின்-ஹான்சனுக்கு நாலு மாதம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. அதே 1995-இல்தான் சிவப்புத் துண்டுப் பிரசுரம். விண்டர்பெர்க் இதை நினைத்துப் படமெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்துப் பழகிய ஊரில் அந்தப் படம் வந்தது, அவ்வளவுதான்.

பழக்கம் மட்டும் போதாது, காசும் வேண்டும். டென்மார்க்கின் மொத்த ஜனம் அறுபது லட்சம். 2011 கணக்குப்படி பழைய நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களைக் கூட்டினால் 66 லட்சத்துக்கு மேல். நம் மூன்று மாவட்டத்தைவிடச் சிறிய நாடு, 1972-இல் சட்டம் போட்டு ஒரு திரைப்பட நிறுவனம் வைத்து, கூட்டம் வருமா என்பதை மட்டும் கேட்காமல் படத்துக்கு மானியம் தருகிறது. பெரியவர்கள் பார்க்கும் படங்களுக்கான தணிக்கையை 1969-இலேயே எடுத்துவிட்டது. இந்தோனேசியக் கொலையாளிகளையே தங்கள் கொலைகளை நடித்துக் காட்டவைத்த ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ (2012) ஒரு கோபன்ஹேகன் நிறுவனத்தின் தயாரிப்பு. முகத்தைக் காட்ட முடியாத ஆப்கன் அகதி ஒருவரின் கதையைக் கார்ட்டூனாக வரைந்து சொன்ன ‘ஃப்ளீ’ (2021), கார்ட்டூன், ஆவணம், பிறமொழி என்று மூன்று பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை வாங்கியது.

நம்மிடம் சொல்ல விஷயம் இல்லாமலா? 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களின் ஊர்வலம் நெல்லை கலெக்டர் ஆபீசை நெருங்கியபோது போலீஸ் தடியடி. தாமிரபரணியில் பதினேழு பேர் பிணமானார்கள். நெல்லையில் காஞ்சனை திரைப்பட இயக்கம் நடத்தி உலகப் படங்களைக் காட்டிவந்த ஆர்.ஆர்.சீனிவாசன், அதை ‘நதியின் மரணம்’ என்று ஆவணமாக்கினார். மானியம் கிடையாது, விளக்கு கிடையாது, எடுத்ததைக் காட்ட அனுமதியும் லேசில் கிடையாது. டாக்மாவின் விதிகளை அவர்கள் விரும்பி ஏற்றார்கள். இவருக்கு அவை தானாக வந்து சேர்ந்தன. பதினெட்டு வருஷம் கழித்து, மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ படத்தையும் அரங்கில் போட விடாமல் தடுத்தார்கள். யூடியூப்பில் போய்த்தான் அது ஜனங்களைச் சேர்ந்தது.

ஃபெஸ்டனை அத்தைக்குப் போட்டுக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. கதையை மட்டும் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். பச்சைக் காகிதம் வரை பேசாமல் கேட்டாள். சாவி ஒளித்த இடத்தில், “அதானே!” என்று தொடையைத் தட்டினாள். பிறகு ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில் பஸ் ஒன்று போனது.

“ஆவணில உங்க பெரியப்பா வீட்டு அறுபதாம் கல்யாணம் வருது” என்றாள். “உன்னய நாலு வார்த்தை பேசச் சொல்லிருக்காங்களாமே?”

ஆமாம் என்றேன்.

“என்ன கலர் பேப்பர்ல எழுதப்போற?”

(தொடரும்)