பாஸ்போர்ட் இல்லை, பந்தயம் உண்டு!

கியூபாவின் தலைநகரான ஹவானாவில், 1965 ஆகஸ்டு மாதம் ஒரு சதுரங்கப் பந்தயம் தொடங்கிற்று. அந்த மண்ணில் பிறந்து, 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாகத் திகழ்ந்த கபாபிளாங்காவின் நினைவுப் பந்தயம். அரங்கத்திலே வந்து உட்கார்ந்தவர்கள் 21 பேர். ஆனால், ஆடியவர்களோ 22 பேர்!

கணக்குத் தவறு அல்ல, தோழர்களே! மீதி ஒருவர் ஹவானாவில் கால் வைக்கவே இல்லை. நியூயார்க்கில், மார்ஷல் சதுரங்கக் கழகத்தின் ஓர் அறையிலே அடைந்து கிடந்தபடி அவர் ஆடினார். பாபி ஃபிஷர் என்பது பெயர், வயது 22. அமெரிக்க சாம்பியன்.

அழைப்பு வரவில்லையா? வந்தது. போக விருப்பம் இல்லையா? இருந்தது. பின் தடுத்தது எது? அவருடைய சொந்த நாட்டின் வெளிநாட்டு இலாகா!

1961 ஜனவரியில் அமெரிக்கா கியூபாவுடன் உறவை முறித்தது. அந்த மாதமே, தனி அனுமதி இல்லாவிடில் அமெரிக்கப் பாஸ்போர்ட் கியூபாவுக்குச் செல்லாது என்று ஆணை பிறந்தது. கியூபாவில் என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவர வேண்டும் என ஒரு குடிமகன் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று வழக்காடினார். 1965 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் சர்க்கார் பக்கம், மூவர் எதிர்ப்பு. கதவு மூடியது மூடியதுதான்! இத்தனைக்கும் முந்திய ஆண்டு, லாரி எவான்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர், பத்திரிகைக்காரர் என்ற முறையில் அனுமதி பெற்று இதே பந்தயத்தில் ஆடித் திரும்பியிருந்தார். பேனா பிடித்தால் போகலாம். காய் பிடித்தால் போகக்கூடாது போலும்!

ஆள் போக முடியாவிட்டால் என்ன, ஆட்டம் போகட்டும் என்று ஏற்பாடாயிற்று. ஃபிஷர் நியூயார்க்கில் காயை நகர்த்துவார். அது டெலிபிரிண்டர் வழியே ஹவானாவுக்குப் போகும். அங்கே, கபாபிளாங்காவின் மகன் எதிராளியின் முன் அமர்ந்து, அந்தக் காயை அவருக்காக நகர்த்துவார். எதிராளி யோசித்துப் பதில் ஆட, அது மீண்டும் கம்பி வழியே நியூயார்க் வந்து சேரும்.

தொடங்குமுன்பே ஒரு தகராறு. இது தமக்குப் பெரிய பிரசார வெற்றி என்று காஸ்ட்ரோ சொன்னதாக ஒரு பத்திரிகையில் செய்தி வர, ஃபிஷர் சீறி எழுந்து காஸ்ட்ரோவுக்கே தந்தி அடித்தார்: என்னை அரசியலுக்குப் பயன்படுத்த மாட்டீர்கள் என்று உறுதி தராவிட்டால் விலகிக்கொள்வேன் என்று. கியூபாவுக்கு அப்படிப்பட்ட வெற்றி எதுவும் தேவையில்லை, பயமாயிருந்தால் வேறு சாக்குத் தேடிக்கொள்ளும் என்கிற பாணியிலே பதில் வந்தது. ஃபிஷர் ஆடினார். பிரசாரத்தைக் காஸ்ட்ரோ தேடி அலையவே வேண்டாம். வாஷிங்டனே தபால் செலவு இல்லாமல் அனுப்பி வைத்துவிட்டதே!

அந்த அறையிலே அவர் பட்ட பாட்டைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நாலைந்து மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம் எட்டு மணியையும் தாண்டி இழுத்தது. மில்லிலே ஒரு ஷிப்டு முடிந்து வீடு திரும்பப் போகிறவனை, இன்னொரு ஷிப்டும் நில் என்று சொன்னால் எப்படி இருக்கும்? மற்றவர்களுக்கு இந்தத் தொல்லை, ஃபிஷரோடு மோதுகிற ஒரு நாள் மட்டும். அவருக்கோ 21 ஆட்டத்திலும்! எதிராளியின் முகம் தெரியாது. நெற்றியில் வேர்வை அரும்பிற்றா, காயைத் தொட்ட விரல் நடுங்கிற்றா, தெரியாது. அடுத்த மேசையில் யார் முந்துகிறார், யார் சறுக்குகிறார் என்று எழுந்து நடந்து பார்க்கவும் வழியில்லை. கம்பி கொண்டுவருவதுதான் சேதி.

முடிவு என்ன? முன்னாள் உலக சாம்பியன், ரஷ்யாவின் ஸ்மிஸ்லாவ் 15½ புள்ளியுடன் முதலிடம். ஃபிஷர், சோவியத் யூனியனின் கெல்லர், யுகோஸ்லாவியாவின் இவ்கோவ் மூவரும் 15. அரையே அரைப் புள்ளி! அந்த ஸ்மிஸ்லாவையே, கம்பி வழியாக ஃபிஷர் தோற்கடித்தும் இருந்தார். இவ்கோவ், கெல்லர், கோல்மாவ் மூவரிடமும் தோற்றதுதான் காலை வாரிவிட்டது. இவ்கோவின் கதை இன்னும் பரிதாபம். பந்தயம் முடியும் தறுவாயில் முன்னணியில் நின்றவர், பட்டியலின் அடியில் கிடந்த கியூபாக்காரர் கார்சியாவிடம், வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தை ஒரே ஒரு தப்பான நகர்த்தலால் பறிகொடுத்தார். அரங்கத்திலேயே இருந்தவருக்கும் அந்தக் கதி!

மறு ஆண்டு, 1966இல், அதே ஹவானாவில் சதுரங்க ஒலிம்பியாடு. இம்முறை அமெரிக்க அணி போயிற்று; ஃபிஷரும் போனார். 17 ஆட்டங்களில் 15 புள்ளி குவித்தார். அணிக்கு இரண்டாம் இடம், முதலிடம் சோவியத் யூனியனுக்கு. ஓராண்டில் கியூபா மாறிவிட்டதா? காஸ்ட்ரோ மாறினாரா? இல்லையே! பின், 1965இல் அந்த இளைஞரைத் தடுத்ததால் எந்தக் கோட்டை காப்பாற்றப்பட்டது?

1972இல் ஸ்பாஸ்கியை வென்று உலக சாம்பியன் ஆனபோது அமெரிக்காவே கொண்டாடிற்று. 1992இல், யுகோஸ்லாவியாவில் ஆடக்கூடாது என்ற ஆணையை மீறி ஆடியதற்காக அதே அமெரிக்கா பிடி வாரண்டு போட்டது. பிற்காலத்தில் யூதர்மீது அவர் கக்கிய நஞ்சை நாம் ஒருநாளும் ஏற்கமாட்டோம். அது வேறு வழக்கு. 2004 ஜூலையில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில், கையிலிருந்த பாஸ்போர்ட் செல்லாது என்று பிடித்து வைத்தார்கள். 2005 மார்ச்சில் ஐஸ்லாந்து குடியுரிமை தந்து அழைத்துக்கொண்டது. 2008 ஜனவரியில் அங்கேயே கண் மூடினார்.