யானைமலையும் சில புள்ளிகளும்

மேலூர் சாலையிலிருந்து பார்த்தால் யானைமலை படுத்திருக்கிற யானை. சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனால் யானை காணாமல் போய்விடும், வெறும் பாறைதான். மரபணு ஆய்வுகளில் சாதிகளைப் புள்ளிக்கூட்டங்களாகக் காட்டும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மலை ஞாபகம் வருகிறது.

2012இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அருண்குமார், இராமசாமி பிச்சப்பன் முதலானோர் வெளியிட்ட கட்டுரை, தமிழ்நாட்டின் 12 பழங்குடிகள், 19 சாதிகளைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தது. இவர்களுக்கிடையிலான வேறுபாடு 4,000 முதல் 6,000 ஆண்டுப் பழமையுடையது, வர்ணமுறைக்கு முந்தியது, வேளாண்மைப் பரவலோடு சேர்ந்தது என்பது அதன் முடிவு. 'பார்த்தீர்களா, சாதி ரத்தத்திலேயே இருக்கிறது' என்று இதைத் தூக்கிக்கொண்டு மேடையேற ஆள் இல்லாமலா போகும்? மக்களைக் கூட்டம் பிரிப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதுமல்ல. ரேகைச் சட்டம் ஒரு சமூகத்தையே 'குற்றப்பரம்பரை' என்று ஒரே கூட்டமாக்கியது. கைரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. இன்றைய ஆய்வாளரை அந்தப் போலீஸோடு சேர்ப்பது அநியாயம். ஆனால் படம் எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் சரியில்லை.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வரிசை எண்கள்: இந்த மரபுக்குறி இத்தனை சதவீதம், அந்தக் குறி இத்தனை. ஒவ்வொரு எண்ணும் ஒரு திசை. தாளிலோ இரண்டே திசை. எனவே புள்ளிகள் அதிகம் சிதறிக் கிடக்கிற இரண்டு அச்சுகளைக் கணக்குப்போட்டு எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். முதன்மைக் கூறு ஆய்வு என்பது அவ்வளவுதான். படத்தில் ஒட்டி நிற்கும் இரு புள்ளிகள், விட்டுவிட்ட மூன்றாம் திசையில் வெகுதூரம் விலகி நிற்கலாம். மொத்த வேறுபாட்டில் எத்தனை சதவீதம் அந்த அச்சில் அடங்குகிறது என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நம் கண் அங்கே போவதே இல்லை.

கூட்டம் பிரிப்பது வேறு சங்கதி. பல முறைகளில் எத்தனை கூட்டம் வேண்டும் என்று முன்கூட்டியே நாம்தான் சொல்ல வேண்டும். ரோசன்பர்க் குழு 2002இல் உலகின் 52 மக்கள்குழுக்களைச் சேர்ந்த 1,056 பேரைப் பிரித்தபோது, ஐந்து கேட்டதற்கு ஏறக்குறைய கண்டங்கள் வந்தன. ஆறு கேட்டதற்கு, ஆறாவதாக வந்தவர்கள் பாகிஸ்தானின் கலாஷ் என்ற சின்னஞ்சிறு மக்கள். ஐந்தைப் பிடித்துக்கொண்டு 'இனம் நிரூபணமாயிற்று' என்றவர்களுக்கு ஆறு மறந்துவிட்டது.

மதுரைக் கட்டுரையில் 31 குழுக்களும் ஏழு பெருந்தொகுதிகளாக வைக்கப்பட்டன. மலையில் உணவு தேடுவோர், வானம் பார்த்த பூமியில் பயிரிடுவோர் என்கிற மாதிரியான பிரிவுகள். இந்தப் பெயர்கள் குரோமோசோமில் எழுதியிருக்கவில்லை, ஆய்வாளர் வைத்தவை. அப்புறம், ஒய் என்பது தகப்பன்வழி மட்டுமே. தாய்வழியே இறங்குகிற மைட்டோகாண்ட்ரியாவை எடுத்து இதே 31 குழுக்களையும் வரைந்தால், புள்ளிகள் வேறு இடத்தில் விழலாம்.