எண்ணை மாற்றினால் என்ன மாறும்?

இணையதளத்தின் பெயரைத் தட்டியதும் அதற்குரிய ஐபி எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். 1983-ல் பால் மொகாபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு இது. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ பிராட்பேண்ட் வாங்கினால், இணைப்பு தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரே தானாக அமைந்துவிடும். அது மக்கர் செய்யும்வரை யாரும் அதை நினைப்பதில்லை.

மக்கர் செய்தால் வேடிக்கைதான். துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் மோடம் விளக்கு பச்சையாக எரியும். முன்பே இணைப்பு பிடித்திருந்த வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்துகொண்டிருக்கும். சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளம் மட்டும் திறக்காது. லைனில் கோளாறு இல்லை; பெயருக்கு எண் சொல்லத்தான் ஆள் இல்லை.

அப்போது கைகொடுப்பவை இலவசப் பொது டிஎன்எஸ் சேவைகள். கூகுள் 2009 டிசம்பரில் கொண்டுவந்தது 8.8.8.8. கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரலில் தொடங்கியது 1.1.1.1. தீங்கான தளங்களை வடிகட்டும் குவாட்9-க்கு 9.9.9.9. கணினியின் நெட்வொர்க் அமைப்பில் எண்ணை இட்டால் போதும். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள 'பிரைவேட் டிஎன்எஸ்' பகுதியில் எண் செல்லாது. சேவையின் சர்வர் பெயரைத்தான் இட வேண்டும். கேள்விகள் அதில் மறையாக்கப்பட்டுப் போகும் என்பது கூடுதல் லாபம்.

வேகம் எகிறும் என்பது மிகை. பெயர் தேடும் நேரத்தில் சில மில்லிநொடி மிச்சமாகலாம். 50 எம்பிபிஎஸ் லைன் 100 ஆகிவிடாது.

தடைகளைத் தாண்டலாம் என்ற பேச்சும் பாதி உண்மையே. 2012-ல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த திருட்டுப் பதிவுத் தடையைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களை மொத்தமாகவே முடக்கின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. டிஎன்எஸ்-ல் போட்ட தடை எண் மாறினால் விலகும். ஆனால் இணைப்பு தொடங்கும்போதே தளத்தின் பெயரைப் பார்த்து வெட்டும் நிறுவனங்களிடம் அது பலிக்காது.

காசு வாங்காவிட்டாலும், யார் எந்தத் தளத்தைத் தேடினார் என்ற விவரம் இந்தச் சேவைகளின் கைக்குப் போகிறது. முழு ஐபி முகவரி உள்ள பதிவுகளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அழிப்பதாகக் கூகுள் சொல்கிறது.

பெரிய நிறுவனம் என்பதால் படுக்காது என்றும் இல்லை. 2025 ஜூலை 15 அதிகாலை, காசிமேட்டில் மீன் வியாபாரம் நடக்கும் வேளையில், 1.1.1.1 உலகெங்கும் 62 நிமிடம் முடங்கியது. இரண்டாவது எண்ணாக அதே நிறுவனத்தின் 1.0.0.1-ஐ வைத்தவர்களுக்கும் அதே கதி. அந்த இடத்தில் 8.8.8.8-ஐ வைத்தவர்களுக்கு வேலை நின்றிருக்காது.