கடல் கடந்தால் நம்ம போன் என்னவாகும்?

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் நமது தோட்டத்துப் பிள்ளைகள் பலர், விமானம் ஏறுவதற்கு முந்தின இரவைக் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில்தான் கழிக்கிறார்கள். போன் வாங்குவதும் ரீலோட் போடுவதும் அங்கேதான். கடைக்காரத் தம்பி, "அக்கா, இந்த சிம்மே அங்கேயும் வேலை செய்யும்" என்று சொல்லி அனுப்பி வைப்பார். அவர் சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறோம்.

1990களில் இதே வெள்ளவத்தைக் காலி வீதியில் வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கும் கடைகளில் சனம் காத்துக் கிடந்தது. நிமிடக் கணக்கில் காசு. பேசுகிறவருக்கு அது கண் முன்னால் தெரியும், அதனால் சுருக்கமாகப் பேசிவிட்டு வைப்பார். இப்போது அந்தக் கணக்கு போனுக்குள்ளே ஓடுகிறது, நமக்குத் தெரிவதில்லை.

நமது இலங்கைச் சிம்மை வெளிநாட்டில் பாவிப்பதற்கு 'ரோமிங்' என்று பெயர். அங்குள்ள கம்பனியின் கோபுரத்தைப் பிடித்துத்தான் நமது போன் வேலை செய்யும். அந்தக் கம்பனி நமது கம்பனியிடம் காசு கேட்கும், நமது கம்பனி நம்மிடம் அறவிடும். அதிலே பலருக்குத் தெரியாத விசயம், வருகிற கோலுக்கும் நாமே காசு கட்ட வேண்டும் என்பது. தோட்டத்திலிருந்து ஒரு தாய் தினமும் மகளின் பழைய இலக்கத்துக்கு எடுத்து ஆசை தீரப் பேசுகிறார் என்று வையுங்கள். கோல் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கடல் கடந்து போகிறது. தாய்க்கு உள்ளூர்க் கட்டணம்தான். கடல் கடந்த செலவு மகள் தலையில். காசு முடிந்ததும் போன் ஊமையாகிவிடும், இங்கே தாய்க்கு என்ன நடந்ததோ என்று தூக்கம் போய்விடும்.

அதைவிட மோசம் டேட்டா. நாம் தொடாமலே போன் படங்களை இறக்கிக்கொண்டிருக்கும். ஆகவே கட்டுநாயக்காவில் விமானம் ஏறுமுன் போனில் 'டேட்டா ரோமிங்' என்பதை அணைத்து விடுங்கள்.

இரண்டு சிம் போடும் போன் வாங்குவதே நல்லது. அந்த நாட்டுச் சிம் ஒன்றைப் பேசுவதற்குப் போடுங்கள். கூடியவரை உங்கள் பெயரிலேயே எடுங்கள். வீட்டு முதலாளி தன் பெயரில் எடுத்துத் தந்தால், அதை நிறுத்துவதும் அவர் கையில்தான். இலங்கைச் சிம்மையும் கழற்ற வேண்டாம். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் அதற்குத்தான் வரும். இந்தச் செய்திகளைப் பெறப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, இருந்தாலும் கம்பனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரோமிங் வசதியையும் போகுமுன்னே திறந்து வைக்கச் சொல்லுங்கள். சிலர் சிம்மைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தம்பி நல்லவன்தான், ஆனாலும் வங்கிச் செய்தி அவனுக்குத்தானே போகும்! நீண்ட நாள் ரீலோட் போடாமல் விட்டால் இலக்கமே துண்டிக்கப்படும், அதனால் இடைக்கிடை இங்கிருப்பவர்கள் கொஞ்சம் போட்டு வைக்க வேண்டும்.

புதுச் சிம் போட்டதும் வாட்ஸ்அப் இலக்கத்தை மாற்றவா என்று கேட்கும். வேண்டாம் என்று விடுங்கள், பழைய இலக்கத்திலேயே வேலை செய்யும். ஆனால் துபாய், அபுதாபி உள்ள ஐக்கிய அரபு இராச்சியத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச விடுவதில்லை. அங்கே அனுமதி பெற்ற 'போட்டிம்' போன்றவற்றில்தான் பேச வேண்டும். வீட்டாருக்கு இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து விடுவார்கள்.

077 என்று பதிந்து வைத்த இலக்கம் வெளிநாட்டுச் சிம்மில் போகாது. பூச்சியத்தை விட்டு +9477 என்று மாற்றிப் பதியுங்கள். சவூதி, குவைத், கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. இங்கே விடிய ஆறு மணிக்கு எடுத்தால் அங்கே நடுச்சாமம் கழிந்து மூன்றரை.

போன் உடையலாம், பறிக்கவும் படலாம். வீட்டு இலக்கத்தையும், அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரக இலக்கத்தையும் கடதாசியில் எழுதி, கடவுச்சீட்டுடன் வைக்காமல், உடுப்புக்குள் வேறாக வையுங்கள். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. பிள்ளையிடமிருந்து சத்தமே இல்லை என்றால் இங்குள்ளவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.